கரண்ட் போனால் சோலார் வீடும் ஏன் இருட்டாகிறது?

"மாடியில மூணு கிலோவாட் சோலார் போட்டிருக்கோம். ஆனா கரண்ட் போனா எங்க வீட்டுலயும் சேர்ந்தே போகுது. போட்டவங்க ஏமாத்திட்டாங்களா?" நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கேள்வி காதில் விழுகிறது. யாரும் ஏமாற்றவில்லை. அந்த அமைப்பு அப்படித்தான் நடக்க வேண்டும். விற்கும்போது இதை உட்கார வைத்து விளக்கிச் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் குறை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்வோம். கரண்ட் பில்லைக் குறைப்பது ஒரு வேலை. கரண்ட் இல்லாத நேரத்தில் வீட்டை ஓட்டுவது வேறொரு வேலை. முதல் வேலைக்குச் சோலார் பேனல் போதும். இரண்டாவது வேலைக்குப் பேட்டரி இல்லாமல் முடியாது. பலர் முதல் வேலைக்குப் பணம் கொடுத்துவிட்டு இரண்டாவது வேலையை எதிர்பார்க்கிறார்கள்.

கரண்ட் போவதிலும் இரண்டு வகை உண்டு. 2008-க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழ்நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்ததே, அப்போதுதான் பெரும்பாலான வீடுகளில் இன்வெர்ட்டர் நுழைந்தது. இரண்டு மணி நேரம் போகும், திரும்ப வரும். அதற்கு அது போதுமானதாக இருந்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது நிலைமை வேறு. ரப்பர் மரமும் தென்னையும் கம்பிமேல் விழுந்து, கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. வெளிமாவட்டங்களிலிருந்து மின் ஊழியர்கள் வந்துதான் சரிசெய்ய வேண்டியிருந்தது. வீட்டு இன்வெர்ட்டர்கள் அந்த முதல் இரவைக்கூட முழுதாகத் தாண்டவில்லை. அவை கெட்டுப்போனதால் அல்ல. அவ்வளவு நேரத்துக்கு அவை அமைக்கப்படவே இல்லை.

வாட் வேறு, யூனிட் வேறு

இந்தத் துறையில் நடக்கும் குழப்பத்தில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது. மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திறந்தால் எவ்வளவு வேகமாகக் கொட்டுகிறது என்பது ஒரு கணக்கு. தொட்டியில் மொத்தம் எத்தனை குடம் இருக்கிறது என்பது வேறு கணக்கு. கொட்டும் வேகம்தான் வாட். மொத்தக் குடங்கள்தான் யூனிட். பேட்டரி என்பது தொட்டி. பேனலும் கரண்ட் தரும் காற்றாடியும் தொட்டியை நிரப்பும் மோட்டார்கள். மோட்டார் இருந்தும் தொட்டி இல்லாத வீட்டில், மோட்டார் நின்ற நிமிடமே குழாயும் நின்றுவிடும்.

இனி நேரடிக் கணக்கு. 1000 வாட், அதாவது ஒரு கிலோவாட், எடுக்கும் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். 75 வாட் சாதாரண ஃபேன் இரவில் பத்து மணி நேரம் சுற்றினால் 750, அதாவது முக்கால் யூனிட். உங்கள் வீட்டின் தினசரித் தேவை தெரிய வேண்டுமானால் ஈபி பில்லில் உள்ள யூனிட்டை அறுபதால் வகுத்துப் பாருங்கள். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதானே ரீடிங். 300 யூனிட் என்றால் நாளுக்கு 5.

ஆனால் கரண்ட் இல்லாத நாளில் அந்த ஐந்தும் தேவையில்லை. ஒரு சாதாரண வீட்டின் ஓர் இரவைப் பார்ப்போம். 9 வாட் எல்இடி பல்பு நான்கு, ஐந்து மணி நேரம்: 180. ஃபேன் இரண்டு, பத்து மணி நேரம்: 1500. வைஃபை பெட்டிக்கு 100. நாலு போன் சார்ஜ் ஏற 60. கூட்டினால் 1840, கிட்டத்தட்ட 1.8 யூனிட். இதில் ஃபேனை மட்டும் 30 வாட் மட்டுமே எடுக்கும் பிஎல்டிசி வகை ஃபேனாக மாற்றினால் 1500 என்பது 600 ஆகும், மொத்தம் 940. தேவை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. பேட்டரி வாங்கக் கடைக்குப் போகும் முன் ஃபேன் வாங்கப் போங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். இரண்டு ஃபேன் மாற்றும் செலவு இன்னொரு பேட்டரி வாங்கும் செலவைவிடக் குறைவு.

சுருக்கமாக: வாட் என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு என்பது, யூனிட் என்பது மொத்தம் எவ்வளவு என்பது. பேக்கப் பற்றி யார் எது சொன்னாலும் முதலில் "எத்தனை யூனிட்?" என்று கேளுங்கள்.

பேட்டரிக்குள் எவ்வளவு இருக்கிறது

இன்வெர்ட்டருக்கு நாம் வழக்கமாக வாங்குவது 12 வோல்ட், 150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரி. ஏஎச் என்றால் ஆம்பியர்-மணி. எத்தனை ஆம்பியர் கரண்டை எத்தனை மணி நேரம் தரும் என்பதன் அளவு. அதை வோல்ட்டால் பெருக்கினால் 1800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். மேலே போட்ட கணக்குக்குச் சரியாக வருகிறதே என்று தோன்றும். வராது.

இந்தப் பேட்டரிக்குள் ஈயத் தட்டுகளும் கந்தக அமிலமும் இருக்கின்றன. கரண்ட் எடுக்க எடுக்கத் தட்டுகள்மேல் ஈய சல்பேட் என்ற பொருள் படிகிறது. திரும்பச் சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். அடிமட்டம்வரை இறக்கி அப்படியே சில நாள் விட்டுவிட்டால் அந்தப் படிவு கல்லாக இறுகிப்போகும். பிறகு என்ன சார்ஜ் ஏற்றினாலும் முழுதாகக் கரையாது. ஆகவே பாதிக்குமேல் இறக்காமல் இருப்பது நல்லது. பாதி என்றால் 0.9 யூனிட். இன்வெர்ட்டர் தன் பங்குக்கு நூற்றுக்குப் பத்துப் பதினைந்தை வெப்பமாக விட்டுவிடும். கைக்கு வருவது முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். சாதாரண ஃபேன் இரண்டும் பல்பும் ஓடினால் நள்ளிரவைத் தாண்டியதும் பேட்டரி இறங்கி அலாரம் அடிக்கத் தொடங்கும்.

லித்தியம் பேட்டரிகளில் வீட்டுக்கு ஏற்றது எல்எஃப்பி எனப்படும் இரும்பு பாஸ்பேட் வகை. அதில் எண்பது, தொண்ணூறு சதவீதம்வரை எடுக்கலாம். 12.8 வோல்ட், 100 ஏஎச் லித்தியம் ஒன்று தருகிற உபயோகம், 150 ஏஎச் ட்யூபுலர் தருவதைவிடக் கொஞ்சம் அதிகம். தண்ணீர் ஊற்ற வேண்டாம், எடை குறைவு, ஆயுள் கூடுதல், விலையும் கூடுதல். ஆனால் பழைய இன்வெர்ட்டரில் பேட்டரியை மட்டும் கழற்றி லித்தியத்தை மாட்டிவிடக் கூடாது. இரண்டுக்கும் சார்ஜ் ஏற்றும் வோல்ட் வேறு. இன்வெர்ட்டரில் லித்தியத்துக்கான அமைப்பு இருக்கிறதா என்று பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

ட்யூபுலரே வைத்திருப்பவர்கள் ஒருமுறை அதன் மேல்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஆறு மூடி இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மிதவை. மிதவை இறங்கிச் சிவப்புக் குறி தெரிந்தால் தண்ணீர் குறைந்துவிட்டது என்று அர்த்தம். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். கிணற்று நீரில் உள்ள உப்பு தட்டுகளைக் கெடுத்துவிடும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருப்பது சகஜம். இன்வெர்ட்டரை அணைத்து, இணைப்பைக் கழற்றி, வெந்நீரில் துடைத்து, காய்ந்த பிறகு இறுக்கி மாட்டி வாஸ்லைன் தடவினால் போதும். அந்தப் பொடியால் கரண்ட் சரியாகப் பாயாமல் முனை சூடேறும். நல்ல பேட்டரியையே செத்துவிட்டது என்று மாற்றும் நிலை வருவதுண்டு.

இன்வெர்ட்டர் நேரத்தைக் கூட்டாது

பேட்டரியிலிருந்து வருவது ஒரே திசையில் ஓடும் கரண்ட், அதாவது டிசி. ஃபேனும் டிவியும் கேட்பது நொடிக்கு 50 சுற்று திசை மாறி மாறி ஓடும் 230 வோல்ட் ஏசி. டிசியை ஏசியாக மாற்றுவதுதான் இன்வெர்ட்டர். அந்த மாற்றம் வழவழப்பான அலையாக இருந்தால் சைன் வேவ். வெட்டு வெட்டாக இருந்தால் ஸ்கொயர் வேவ். ஃபேனில் "உம்" என்று சத்தம் வருவது இரண்டாவதில்தான். வாங்கினால் சைன் வேவ் வாங்குங்கள்.

"பெரிய இன்வெர்ட்டர் போட்டா அதிக நேரம் நிக்கும்" என்பது தவறு. ஒரே நேரத்தில் எத்தனை சாமான் ஓடலாம் என்பதை இன்வெர்ட்டர் தீர்மானிக்கிறது. எவ்வளவு நேரம் ஓடலாம் என்பதைப் பேட்டரி தீர்மானிக்கிறது. ஒரே பேட்டரியில் பெரிய இன்வெர்ட்டரை மாட்டினால் அது சும்மா இருக்கும்போது தின்னும் கரண்ட்தான் கூடும்.

கிணற்று மோட்டாரை இதில் ஓட்ட முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு எச்பி மோட்டார் ஓடும்போது 1000 வாட் பக்கம் எடுக்கும்; கிளம்பும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். சாதாரண 900 விஏ (வாட்டை ஒட்டிய ஓர் அளவு) இன்வெர்ட்டர் அந்த இழுப்பிலேயே நின்றுவிடும். புயல் எச்சரிக்கை வந்ததும் கரண்ட் இருக்கும்போதே தொட்டியை நிரப்பி வைப்பதுதான் சுலபமான வழி.

ஆன்-கிரிட் சோலார் ஏன் அணைகிறது

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். அரசு மானியத்தில் இப்போது பரவலாகப் போடப்படுவது ஆன்-கிரிட் சோலார். கிரிட் என்பது ஈபியின் கம்பி வலை. 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூர்யகர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்கு தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, அதிகபட்சம் 78,000. பகலில் பேனல் தருவதை வீடு எடுத்துக்கொள்ளும், மிச்சம் ஈபிக்குப் போகும், பில்லில் கழியும். பில் குறைய இதைவிடச் சிறந்த வழி இல்லை.

இந்த அமைப்பில் உள்ள இன்வெர்ட்டர் தானாக ஒரு ஏசி அலையை உருவாக்குவதில்லை. ஈபி கம்பியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அலையைக் கவனித்து, அதன் தாளத்தோடு ஒட்டித் தன் கரண்டைச் சேர்க்கிறது. அலை நின்றால் பின்பற்ற எதுவும் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. மேகம் வந்தால் பேனல் தருவது சட்டென்று குறையும். வீட்டில் மிக்சி போட்டால் தேவை சட்டென்று ஏறும். சாதாரண நேரத்தில் இந்த ஏற்ற இறக்கத்தை ஈபி தாங்கிக்கொள்கிறது. அது இல்லாதபோது தாங்குவதற்குப் பேட்டரியும் இல்லை.

இவை இரண்டையும்விட முக்கியமான காரணம் கம்பத்தில் ஏறும் லைன்மேன். உங்கள் பேனல் அணையாமல் ஓடினால் கரண்ட் வீட்டிலிருந்து தெருக் கம்பிக்குப் போகும். அங்கிருந்து ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் பின்பக்கமாக நுழையும். 11,000 வோல்ட்டை 230 ஆகக் குறைக்கும் அதே ட்ரான்ஸ்ஃபார்மர், திருப்பிக் கொடுத்தால் 230-ஐ 11,000 ஆக ஏற்றும். லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கை வைக்கிறவர் கதி என்ன? அதனால்தான் ஈபி கரண்ட் நின்ற இரண்டு நொடிக்குள் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானாக அணைய வேண்டும் என்பது விதி. இதற்குத் தீவாதல் தடுப்பு என்று பெயர்; ஊரெல்லாம் கரண்ட் இல்லாதபோது ஒரு பகுதி மட்டும் தீவுபோலத் தனியாக உயிரோடு நிற்காமல் தடுப்பது.

முப்பந்தலில் இத்தனை காற்றாடி சுற்றியும் பக்கத்தில் ஆரல்வாய்மொழியிலேயே கரண்ட் போகிறதே என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுதான். அவையும் கிரிட்டோடு கட்டப்பட்டவை. கிரிட் நின்றால் அவையும் நிறுத்தப்படும்.

கரண்ட் இல்லாதபோதும் பேனல் வேலை செய்ய வேண்டுமானால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். கரண்ட் போன கணத்தில் அது வீட்டை ஈபி கம்பியிலிருந்து துண்டித்துக்கொண்டு, பேட்டரியை வைத்துத் தானே ஒரு அலையை உண்டாக்கும்; பேனல் அந்த அலையோடு சேர்ந்து ஓடும். துண்டித்த பிறகு தெருவுக்கு எதுவும் போகாது. மானியம் பேனல் அளவுக்குத்தான், பேட்டரி உங்கள் செலவு. வாங்கும் முன் ஒரே ஒரு கேள்வி: "பட்டப்பகலில் மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணினா இது ஓடுமா? போட்ட பிறகு ஆஃப் பண்ணிக் காட்டுவீங்களா?" நேர்மையாகப் பதில் சொல்கிறவரிடம் வாங்குங்கள்.

சுருக்கமாக: ஆன்-கிரிட் பில்லுக்கு. பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இரண்டுக்கும். ஈபியே வேண்டாம் என்று முழுக்கத் தனியாக நிற்பது ஆஃப்-கிரிட். கம்பி வந்து சேர்ந்த வீட்டுக்கு அது தேவையில்லை.

பேனலும் தென்னை நிழலும்

ஒரு கிலோவாட் பேனல் நம் ஊர்களில் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். சராசரி என்பதைக் கவனிக்க வேண்டும். பங்குனி வெயிலில் கூடும். ஆனி, ஆடி மழை மூட்டத்தில் 1 யூனிட்டுக்குக்கூட இறங்கும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் தென்மேற்குப் பருவமழை அதிகம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் குறைவு. அருமனையில் போட்ட பேனலும் அஞ்சுகிராமத்தில் போட்ட பேனலும் ஜூன் மாதத்தில் ஒன்றுபோலத் தராது.

மழையைவிட நம் மாவட்டத்தில் பெரிய எதிரி தென்னை. ஒரு பேனலுக்குள் சிறு சிறு செல்கள் சங்கிலியாக ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். கரண்ட் எல்லாவற்றின் வழியாகவும் ஓட வேண்டும். ஒரு செல்லின்மேல் ஓலை நிழல் விழுந்தால் அது சங்கிலி முழுவதையும் தடுக்கும். இதைச் சமாளிக்கப் பேனலின் பின்னால் டையோடு என்ற மாற்றுப்பாதை வைத்திருப்பார்கள். அது நிழல் விழுந்த பகுதியை ஒதுக்கிவிடும். பொதுவாக மூன்று பகுதி. அதனால் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரே ஓர் ஓலையின் நிழல் குறுக்கே விழுந்தாலும் அந்தப் பேனல் தருவதில் மூன்றில் ஒன்று போய்விடும். கண்ணுக்குக் கையகல நிழல்தான்.

இன்னொன்று, நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே வெறும் 8 டிகிரியில் இருக்கிறோம். பேனலைத் தெற்குப் பார்த்து, பத்து டிகிரி அளவுக்கு லேசாகச் சாய்த்தால் போதும். சித்திரை முதல் ஆவணி நடுப்பகுதிவரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஆகவே பேனலுக்கு வடக்கே தண்ணீர்த் தொட்டி இருந்தால் நிழல் விழாது என்று நினைக்காதீர்கள். அந்த மாதங்களில் விழும்.

கடலோரத்தில் ஸ்டாண்டு அலுமினியமாகவோ நல்ல கால்வனைஸ் செய்த இரும்பாகவோ இருக்கட்டும், போல்ட் துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும். உப்புக்காற்றில் மற்றதெல்லாம் சில வருடத்திலேயே அரித்துவிடும். அடுத்த புயலில் பேனல் பறப்பது அந்தப் போல்ட்டிலிருந்துதான் தொடங்கும்.

வீட்டுக்குக் காற்றாடி வேண்டுமா

முப்பந்தலைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த ஆசை வருவது இயல்பு. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியில் காற்று நெருக்கிக்கொண்டு வருவதால்தான் ஆரல்வாய்மொழிக் கணவாயில் அத்தனை வேகம். வீட்டு மாடியில் நிலைமை அதுவல்ல.

காற்றிலிருந்து கிடைக்கும் சக்தி, காற்றின் வேகத்தின் மும்மடிப்பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு. வேகம் மூன்றில் ஒன்றானால் சக்தி இருபத்தேழில் ஒன்று. ஒரு கிலோவாட் என்று விற்கப்படும் சின்னக் காற்றாடி அந்த 1000 வாட்டைத் தருவது பெரும்பாலும் நொடிக்கு 12 மீட்டர் காற்றில், அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர். வீட்டைச் சுற்றித் தென்னையும் மாடிகளும் இருக்கும் இடத்தில் நொடிக்கு 4 மீட்டர் கிடைத்தால் நல்ல நாள். அப்போது வருவது 40 வாட் பக்கம். ஒரு பிஎல்டிசி ஃபேனுக்குப் போதும், அவ்வளவுதான். மரங்களுக்கு மேலே போய்க் காற்றைப் பிடிக்க உயரமான கோபுரம் வேண்டும். அதன் செலவு காற்றாடியின் செலவைத் தாண்டிவிடும். மாடிச் சுவரில் மாட்டினால் அதிர்வு வீட்டுக்குள் இறங்கும்.

தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் திறந்த வெளியில் இடம் உள்ளவர்களுக்கு மட்டும் இது யோசிக்கத்தக்கது. வெயில் குறையும் ஜூன் முதல் செப்டம்பர்வரைதான் அங்கே காற்று அதிகம் என்பதால் பேனலுக்கு நல்ல துணை. மற்றவர்கள் அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு பேனல் வாங்குங்கள்.

நாள்கணக்கில் போனால்

பெரிய பேட்டரி வாங்கினால்தான் புயலைத் தாண்ட முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். நிரப்ப வழியில்லாத பேட்டரி எவ்வளவு பெரிதானாலும் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ காலிதான். பேட்டரி ஓர் இரவுக்குப் போதும். பேனல்தான் தாராளமாக இருக்க வேண்டும். இரவுக்கு 1 யூனிட் போதும் என்கிற வீட்டில் ஒரு கிலோவாட் பேனல் இருந்தால், மூட்டமான நாளில்கூட ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும். வெயில் அடித்தால் ஃப்ரிட்ஜையும் கொஞ்ச நேரம் ஓட்டலாம்.

புதிதாக எதுவும் போட வசதியில்லாதவர்கள், இருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு 300 வாட் அளவுக்கு ஒரு பேனலும் சார்ஜ் கன்ட்ரோலரும் சேர்க்கலாம். பேட்டரி தாங்கும் அளவுக்கு மட்டும் சார்ஜை விட்டு, நிறைந்ததும் நிறுத்தும் கருவிதான் கன்ட்ரோலர். அது இல்லாமல் பேனலை நேராகப் பேட்டரியில் கொடுக்கக் கூடாது.

ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பவர்கள் இரண்டு பக்கமும் பின் வைத்த ஒயரால் சுவர் பிளக்கில் கரண்ட் கொடுப்பதைப் பார்க்கிறோம். அது லைன்மேனைக் கொல்லக்கூடிய வேலை. கையில் திறந்த பின்னோடு நிற்கும் வீட்டுக்காரரையும்தான். ஒன்று ஈபி, அல்லது ஜெனரேட்டர், இரண்டும் சேர முடியாதபடி செய்யும் சேஞ்ச்ஓவர் சுவிட்சை எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளியே, ஜன்னலை விட்டுத் தள்ளி இருக்கட்டும். அதன் புகை மூடிய அறையில் உயிரை எடுக்கும்.

உங்கள் வீட்டு பேக்கப் உண்மையில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று தெரிந்துகொள்ளப் புயல்வரை காத்திருக்க வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்புக்கு ஈபி கரண்ட் நிறுத்தும் நாளில் இரவுக்குத் தேவையான ஃபேனையும் பல்பையும் போட்டுவிட்டு, கரண்ட் போன நேரத்தையும் அலாரம் அடித்த நேரத்தையும் எழுதி வையுங்கள். கரண்ட் வரும்வரை அலாரமே அடிக்கவில்லை என்றால் நல்லது. மூன்று மணி நேரத்திலேயே அடித்துவிட்டால், ஐப்பசி வருவதற்குள் முதலில் மிதவையைப் பாருங்கள், அப்புறம் முனைகளை, அதற்குப் பிறகு ஃபேனை. பேட்டரிக் கடைக்குப் போவது இதெல்லாம் முடிந்த பிறகு.